உம்லங்காவில் பெரிய ரெஸ்டாரன்ட், அப்பாவுக்கு மட்டும் சிப்ஸ்: நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மவுண்ட் எட்ஜ்கோம்ப் முரளி

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனில் இருப்பவர்களிடம், முடிந்தால் ஹோட்டல் தொழில் தெரிந்தவர்களிடம், ஒரு யோசனை கேட்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள். டிசம்பரில் மாமனார் மாமியாரும் வருகிறார்கள். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தைக் காலையில் கோவிலில் எளிமையாக முடித்துவிட்டு, அன்று இரவு எல்லோரையும் ஒரு நல்ல இடத்துக்குச் சாப்பிடக் கூட்டிப்போக ஆசை. பெரியவர்கள் நாலு பேர், நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு. ஆக எட்டு இலை.

தாராளமாகச் செலவு செய்கிற குடும்பம் இல்லை நாங்கள். ஆனால் இந்த ஒரு நாளுக்கு யோசிக்காமல் செலவழிக்கத் தயார். அப்பா வயிறாரச் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் என் கவலை.

ஏன் கவலை என்றால், போன மாதம் அம்மா பிறந்தநாளுக்கு டர்பனை ஒட்டின உம்லங்காவில் கடலைப் பார்த்தபடி இருக்கிற ஒரு ரெஸ்டாரன்ட்டுக்குப் போனோம். பெயர் வேண்டாம். நண்பர் குடும்பமும் சேர்ந்து ஒன்பது பேர். வெள்ளைத் துணி விரித்த மேசை, கண்ணாடிச் சுவர், மெழுகுவர்த்தி எல்லாம் அமர்க்களமாக இருந்தது. பரிமாறின பையனும் தங்கமான பையன். ஆனால் மெனுவில் சைவம் என்று இருந்தது இரண்டே வரி. ஒன்று காளான் ரிசோட்டோ. இன்னொன்று கத்தரிக்காய், சுக்கினி, குடைமிளகாயை வாட்டி அடுக்கின ஏதோ ஒன்று. அப்பா சுத்த சைவம், காளானும் தொட மாட்டார். காய் அடுக்கை வாட்டுவது இறைச்சி வாட்டுகிற அதே கிரில்லிலா என்று கேட்டேன். பையன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "ஆமாம் சார், வேண்டுமானால் சிப்ஸ் போட்டுத் தருகிறோம்" என்றான்.

அம்மா பிறந்தநாள் விருந்தில் அப்பா ரொட்டியும் சிப்ஸும் சாப்பிட்டார். முகம் சுளிக்கவில்லை. "இடம் ரொம்ப நல்லா இருக்குப்பா" என்று வேறு சொன்னார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

மற்றவர்கள் தட்டில் குறை சொல்ல முடியாது. அம்மாவின் மீன் தோல் மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் என் மனைவி 'டர்பன் லாம்ப் கறி' என்று போட்டிருந்ததை வாங்கினாள். அதில் உறைப்பும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. கிரீம் ஊற்றி இளஞ்சிவப்பாக வந்தது. டர்பன் கறி என்றால் இதுதானா? கடைசியில் பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். கார்டு மெஷினைக் கொண்டுவந்தபோது டிப்ஸ் எவ்வளவு என்று மறுபடியும் கேட்டது. கொடுத்தோம். அது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

கூகுளில் அந்த இடத்துக்கு நாலரை நட்சத்திரத்துக்கு மேல். வீட்டுக்கு வந்து பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். பாதிப் பேர் கடலைப் பற்றியும் காக்டெயிலைப் பற்றியும்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு இடம் காசுக்குத் தகுந்ததா என்று போகும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? நீங்கள் எதை வைத்து எடை போடுகிறீர்கள்?

---

ஜோபர்க் ராஜி

முரளி, எதற்கு வம்பு? அப்பா சுத்த சைவம் என்றால் நேராக இந்திய ரெஸ்டாரன்ட்டுக்கே போய்விடுங்கள். பீச் பக்கம் எலங்கேனி ஹோட்டலில் ஜுவல் ஆஃப் இந்தியா இருக்கிறது. மஸ்கிரேவில் பல்கி இருக்கிறது, அங்கே தோசையும் கிடைக்கும். டர்பன் வரும்போதெல்லாம் எங்கள் மாமியாரை அங்கேதான் கூட்டிப்போவோம். இடம் ஆடம்பரமாக இருக்க வேண்டும் என்றால் ஆய்ஸ்டர் பாக்ஸ் ஹோட்டலின் கறி பஃபே. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். பஃபேயில் ஒரு வசதி, என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். எதற்கும் முன்னாடியே போன் போட்டு நேரத்தையும் விலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் எங்கள் ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) ஜனம் மொத்தமும் அங்கேதான் இருக்கும்.

---

பீனிக்ஸ் மீனா

முரளி தம்பி, நான் திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டு இங்கே வந்தவள். டர்பன் பீச்சிலும் உம்லங்காவிலும் ஹோட்டல் ரெஸ்டாரன்ட்களில் முதலில் பரிமாறுகிறவளாகவும் அப்புறம் ஃப்ளோர் சூப்பர்வைசராகவும் இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் மனம் திறந்து எழுதலாம்.

ராஜி சொல்வது தப்பே இல்லை. ஆனால் உங்கள் கேள்வி வேறு. நான் எடை போடுவது ஒன்றே ஒன்றை வைத்துத்தான்: மெனு யாரை நினைத்து எழுதப்படவில்லையோ, அந்த ஆளின் தட்டில் என்ன வருகிறது? உங்கள் மேசையில் அது அப்பா. இன்னொரு மேசையில் பல் இல்லாத பாட்டி, நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை. மாட்டு ஃபில்லெட்டை நன்றாக வாட்டித் தராத பெரிய ரெஸ்டாரன்ட் இந்த ஊரில் அபூர்வம். அதை வைத்து ஒரு கிச்சனைத் தெரிந்துகொள்ள முடியாது.

ஏன் என்றால், கிச்சனுக்குள் நடப்பது இப்படி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஆள் பொறுப்பு. கிரில்லுக்கு ஒருவர், சாஸுக்கு ஒருவர், எண்ணெய்ச் சட்டிக்கு ஒருவர், சாலட் மாதிரி குளிர்ந்த அயிட்டங்களுக்கு ஒருவர். ஆர்டர் எழுதின டாக்கெட் வந்ததும் பெரிய செஃப் உரக்கப் படிப்பார், அவரவர் தங்கள் பங்கைச் செய்வார்கள். ஸ்டேக் என்றால் யார் வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அது காலையிலேயே வெட்டி, எடை போட்டு, ஃப்ரிட்ஜில் வரிசையாக இருக்கும். "சுத்த சைவம், காளான் வேண்டாம்" என்று ஒரு டாக்கெட் வந்தால் அது யார் வேலை? யாருடையதும் இல்லை. பரபரப்பான நேரத்தில் அது கடைசியாகச் சேர்ந்த பையன் தலையில் விழும். அவன் கையில் இருப்பது எண்ணெய்ச் சட்டி. அதனால்தான் உங்கள் அப்பாவுக்குச் சிப்ஸ் வந்தது. பரிமாறின பையன் மேல் தப்பில்லை, அவன் உள்ளே போய்க் கேட்டதே நல்ல குணம். நல்ல இடத்தில் அந்த டாக்கெட்டைப் பெரிய செஃபே கையில் எடுத்துக்கொள்வார். நான் வேலை செய்த இடத்தில் ஒரு செஃப் இருந்தார். மேசைக்கே வந்து, பெரியவரிடம் குனிந்து, "வீட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?" என்று கேட்பார். அரை மணி நேரத்தில் சர்க்கரை பீன்ஸ் (ராஜ்மா மாதிரி ஒரு பயறு) கறி, பருப்பு, புளி போட்ட கத்தரிக்காய், சோறு வரும். மெனுவில் இதில் ஒன்றுகூட இருக்காது.

அதெல்லாம் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்டாஃப் சாப்பாட்டிலிருந்து. டர்பன் ஹோட்டல் கிச்சன் எதிலும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். சர்வீஸ் தொடங்கும் முன் வேலைக்காரர்களுக்கென்று ஒரு பெரிய பாத்திரத்தில் பீன்ஸோ பருப்போ கொதித்துக்கொண்டிருக்கும். ஜூலு அக்காமார்களும் நம் ஆட்களும் சேர்ந்து சமைப்பது. வெளியே போகிற தட்டுகளைவிட அது ருசியாக இருந்த நாள் நிறைய உண்டு. அந்தக் கை இருக்கிற கிச்சனில் ஒரு பெரியவருக்குச் சிப்ஸ் கொடுத்து அனுப்பினார்கள் என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்னொன்று, சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது. மெனுவில் சைவக் குறி போட்டிருந்தாலே நம்பிவிடாதீர்கள். ரிசோட்டோவில் அரிசி வேகிற தண்ணீர் பெரும்பாலும் கோழி ஸ்டாக், அதாவது கோழி வேகவைத்த சாறு. மேலே தூவுகிற பர்மஜான் சீஸில் பாலைத் திரிக்க, கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட் சேர்த்திருப்பார்கள். பன்னகோட்டா, மூஸ் மாதிரி இனிப்புகளில் மாட்டு, பன்றித் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கிற ஜெலட்டின். வூஸ்டர் சாஸில் நெத்தலி மாதிரி ஒரு மீன். சிப்ஸும் அப்படித்தான்: பல இடங்களில் கலமாரி, அதாவது கணவாய், பொரிக்கிற அதே எண்ணெய். அப்பா அன்றைக்குச் சாப்பிட்டதைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். அடுத்த முறை "சைவமா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "என்ன ஸ்டாக்? எந்த எண்ணெய்? தனிச் சட்டி உண்டா?" என்று கேளுங்கள்.

இதை மேசையில் உட்கார்ந்து கேட்டால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். போனில் கேளுங்கள். ஆன்லைனில் புக் செய்தால் குறிப்பு எழுத ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதுவது மட்டும் போதாது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் போன் போடுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து, ராத்திரி வேலை சூடு பிடிக்காத நேரம் அது. செஃபிடம் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். "எங்களிடம் சாலட் இருக்கிறது" என்று முடித்துவிட்டால் விட்டுவிடுங்கள். உங்களைத் திருப்பி ஏதாவது கேள்வி கேட்டார் என்றால், உறைப்பு சாப்பிடுவாரா, வெங்காயம் பூண்டு உண்டா, சோறு வேண்டுமா என்று கேட்டார் என்றால், அந்த இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

கூகுள் நட்சத்திரத்தை நான் பார்ப்பதே இல்லை. உலகப் பெரிய ரெஸ்டாரன்ட்களுக்கு நட்சத்திரம் கொடுக்கிற மிஷலின் ஆட்கள் இந்த ஊர்ப் பக்கம் வருவதும் இல்லை. இந்த நாட்டு ரெஸ்டாரன்ட்களுக்கு ஈட் அவுட் விருது என்று ஒன்று உண்டு. முன்பு நாட்டிலேயே சிறந்த பத்து என்று பட்டியல் போடுவார்கள், இப்போது நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அது சமையல்காரரின் திறமைக்கு நல்ல அளவுகோல், மறுக்கவில்லை. உங்கள் மேசைக்குப் பொருந்துமா என்பதை அது சொல்லாது. கூகுளில் படிப்பதானால் குறை எழுதினவர்களுக்கு முதலாளி என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று படியுங்கள். சண்டை போட்டிருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியது தெரிந்துவிட்டது.

பரிமாறுவதில் நான் பார்ப்பது தட்டு எடுக்கிற நேரம். ஒருவர் முடித்தவுடன் அவர் தட்டை மட்டும் உருவிக்கொண்டு போகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. நம் பெரியவர்கள் மெதுவாகச் சாப்பிடுகிறவர்கள். மற்றவர்கள் முன்னால் மேசை காலியாகிவிட்டால் அவசர அவசரமாக விழுங்குவார்கள், இல்லை பாதியில் போதும் என்பார்கள். பந்தியில் எல்லோரும் முடித்த பிறகுதானே எழுந்திருப்போம்? நல்ல சூப்பர்வைசர் கடைசி ஆள் ஸ்பூனைக் கீழே வைக்கிற வரை ஒரு தட்டையும் தொட விட மாட்டார். நான் என் பிள்ளைகளுக்கு, அதாவது என் கீழே வேலை பார்த்தவர்களுக்கு, முதல் நாள் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். ஆறு மணிக்கே போய்விடுங்கள், டிசம்பரில் அந்த நேரத்தில் வெளிச்சம் இருக்கும், பெரியவர்களுக்கு மெனு படிக்க முடியும், கடலும் தெரியும். ஏசிக்கு நேர் கீழே மேசை வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

---

சாட்ஸ்வொர்த் பேத்தி

முரளி அண்ணா, நான் இங்கேயே பிறந்தவள். தமிழ் என் ஆயா சொல்லிக் கொடுத்தது, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டர்பன் கறியைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி சாப்பிட்டது டர்பன் கறி இல்லை. எங்கள் கறியில் கிரீம் கிடையாது. எண்ணெயில் வெங்காயம், கறிவேப்பிலை, பட்டை, சோம்பு தாளித்து, மசாலாத் தூளைச் சூடான எண்ணெயிலேயே வதக்குவோம். அதனால்தான் எண்ணெய் சிவப்பாக மேலே மிதக்கும். அந்தச் சிவப்பு எண்ணெயைப் பார்த்து முகம் சுளிக்கிற ஹோட்டல் செஃப்தான் கிரீமை ஊற்றி மறைப்பார். அப்புறம் உருளைக்கிழங்கு. மட்டன் கறியில் உருளைக்கிழங்கைப் பெரிதாக வெட்டிப் போடுவோம். கடைசியில் ஓரம் கொஞ்சம் கரைந்து குழம்போடு சேர்ந்திருக்கும், நடுவில் முழுசாக மசாலா ஏறியிருக்கும். எங்கள் வீட்டில் கறிக்குச் சண்டை வருகிறதோ இல்லையோ, உருளைக்கிழங்குக்கு வரும். உருளைக்கிழங்கு இல்லாமல் டர்பன் கறி என்று மெனுவில் போடுகிறவர்கள் இந்த ஊர் வீட்டு வாசலை மிதித்ததில்லை.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக முதல் இந்திய ஆட்களோடு இங்கே வந்தது. கரும்புத் தோட்டத்தில் கிடைத்ததை வைத்துச் சமைத்துச் சமைத்து வந்த கை இது. அதனால் ஊரிலிருந்து வருகிறவர்கள் "இது எங்க குழம்பு மாதிரி இல்லையே" என்றால் எனக்கு வருத்தமாக இருக்கும். மாதிரி இல்லைதான். இது எங்கள் ஊர்ச் சாப்பாடு. உங்கள் அப்பாவுக்கு மடும்பி வாங்கிக் கொடுத்தீர்களா? ஜூலு ஆட்கள் அமடும்பே என்பார்கள், உங்கள் ஊர்ச் சேப்பங்கிழங்கு குடும்பம்தான். புளி போட்டு வைத்தால் அவருக்குப் பழகின ருசியாகத் தெரியும். நல்ல ரெஸ்டாரன்ட்கள் சில இப்போது அதை மெனுவில் வைக்கிறார்கள்.

மீனாக்கா சொன்ன தனிச் சட்டி விஷயத்துக்கு என்னிடம் ஒரு வழி இருக்கிறது. புரட்டாசியில் டர்பன் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் மாதம் முழுக்க மாமிசம் கிடையாது, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அந்த மாதம் என்ன செய்கிறீர்கள் என்று போனில் கேளுங்கள். புரட்டாசிக்குத் தனிச் சட்டி, தனி எண்ணெய் வைத்துப் பழகின கிச்சனுக்கு உங்கள் அப்பா ஒரு பாரமே இல்லை. "அது என்ன?" என்று கேட்டால் அந்த இடம் டர்பனில் இருந்தும் டர்பனைப் பார்க்கவில்லை.

---

கேப்டவுன் பாலா

மீனாக்கா எழுதியதைப் படித்துவிட்டு என் மனைவி பிரின்ட் எடுத்து வைக்கச் சொன்னாள். ஆனால் ஒரு இடத்தில் எனக்கு வேறு கருத்து.

எல்லா உயர்ந்த ரெஸ்டாரன்ட்டும் எல்லோருக்கும் சமைத்துத்தான் ஆக வேண்டுமா? இங்கே மேற்குக் கரையில் பேட்டர்னோஸ்டர் என்கிற மீனவக் கிராமத்தில் வுல்ஃப்காட் இருக்கிறது. கடற்கரையை ஒட்டின ஒரு பழைய குடில், கொஞ்சப் பேர்தான் உட்கார முடியும். அந்தக் கடலில் கிடைப்பதையும் அந்தக் கரையில் முளைக்கிற செடிகளையும் வைத்துச் சமைக்கிறார்கள். 2019-ல் பாரிஸில் நடந்த உலக ரெஸ்டாரன்ட் விருதுகளில் ஆண்டின் சிறந்த ரெஸ்டாரன்ட் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நாங்கள் சாப்பிட்டபோது கடல் பாசியும், உப்புத் தண்ணீர் ஓரத்தில் வளர்கிற தடித்த இலையும் தட்டில் வந்தன. மென்றால் உப்பு தெறிக்கும், கூடவே லேசான புளிப்பு. அதை அந்த இடத்தைவிட்டு வேறெங்கும் சாப்பிட முடியாது. அங்கே போய் எனக்குப் பருப்பும் சோறும் வேண்டும் என்று கேட்டால் அது நியாயமாக எனக்குப் படவில்லை.

நான் எடை போடுவது இப்படி: வருவதற்கு முன்பே இதுதான் எங்கள் சாப்பாடு, இது முடியும், இது முடியாது என்று நேர்மையாகச் சொன்னார்களா? சொல்லிவிட்டு அதை மனசாரச் செய்தார்களா? அவ்வளவு போதும். முரளி போன இடத்தின் குற்றம் சைவம் சமைக்காதது இல்லை. மெனுவில் சைவம் என்று இரண்டு வரி எழுதிவைத்துவிட்டு, அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் இருந்ததுதான்.

மீனைப் பற்றியும் ஒன்று. உங்கள் அம்மாவுக்கு மீன் பிடிக்கும் போலிருக்கிறது. லைன்ஃபிஷ் (தூண்டிலில் பிடித்த மீன்) என்று போட்டிருந்தால் இன்றைக்கு என்ன மீன், எங்கே பிடித்தது என்று கேளுங்கள். உடனே பதில் வந்தால் அது நல்ல கடை. இந்த நாட்டில் சாசி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்த மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம், எதை யோசித்து வாங்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று பச்சை, ஆரஞ்சு, சிவப்பு போட்டுச் சொல்வார்கள். நல்ல ரெஸ்டாரன்ட் ஆட்களுக்கு அது மனப்பாடம்.

---

பீனிக்ஸ் மீனா

பாலா, நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். செட் மெனு, அதாவது எல்லோருக்கும் ஒரே வரிசைச் சாப்பாடு, வைத்திருக்கிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். என் கோபம் எல்லோரையும் வரச் சொல்லிவிட்டு வந்தவரைக் கவனிக்காத இடங்கள் மேல். அதே சமயம், செட் மெனு இடங்களிலும் முன்னாடியே சொன்னால் சைவத்துக்குத் தனி வரிசை செய்கிறவர்கள் உண்டு. டர்பனிலிருந்து பைன்டவுன் போகிற வழியில், சம்மர்ஹில்லில் இருக்கிற லிவிங்ரூம் ரெஸ்டாரன்ட் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆனால் அது பல கோர்ஸாக மெதுவாக வருகிற சாப்பாடு. சின்னப் பிள்ளைகளோடு அவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள் முரளி.

டிப்ஸ் பற்றிக் கேட்டீர்கள், விட்டுப்போயிற்று. இங்கே மெனுவில் போட்டிருக்கிற விலையில் 15 சதவீத வாட் வரி அடக்கம், அதனால் அந்தப் பயம் வேண்டாம். டிப்ஸ் 10 சதவீதம் வழக்கம், மனசு நிறைந்தால் 15. எட்டுப் பேர், பத்துப் பேர் என்று பெரிய மேசையாக வந்தால் பல இடங்களில் 10 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். மெனுவின் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைச் சேர்த்த பிறகும் மெஷின் டிப்ஸ் கேட்கும், மெஷினுக்கு அது தெரியாது. மறுபடியும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எட்டுப் பேர் போகிறீர்கள், அதனால் இதை நிச்சயம் பார்ப்பீர்கள்.

ஆனால் ஒன்று கேளுங்கள்: அந்த சர்வீஸ் சார்ஜ் பரிமாறுகிறவர் கைக்குப் போகிறதா? முழுசாகப் போகிற இடமும் உண்டு, பங்கு போடுகிற இடமும் உண்டு. இங்கே குறைந்தபட்சக் கூலி 2025 மார்ச்சில் மணிக்கு 28 ராண்ட் 79 சென்டாக இருந்தது. உம்லங்காவில் ஒரு கிளாஸ் ஒயின் அதைவிட அதிகம். ராத்திரி பதினொரு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போக டாக்ஸிக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் அவர்கள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தானே அந்தப் பையன், அவனுக்கு நீங்கள் இரண்டு தடவை கொடுத்தது வீண் போகவில்லை.

---

மவுண்ட் எட்ஜ்கோம்ப் முரளி

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னபடி மூன்று மணிக்குப் போன் போட்டேன். முதல் இடத்தில் செஃப் வர முடியாது என்றார்கள், "வெஜிடேரியன் ஆப்ஷன்ஸ் மெனுவில் இருக்கிறது" என்று வைத்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஒரு அம்மா பேசினார். புரட்டாசியில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "எங்கள் கிச்சனில் பாதிப் பேர் விரதம், வேறென்ன செய்வோம்?" என்றார். அப்புறம் அவரே கேட்க ஆரம்பித்தார்: அப்பாவுக்குப் பூண்டு ஆகுமா, மடும்பி பிடிக்குமா, மெல்லுகிறதில் கஷ்டம் உண்டா, சோறு குழைவாக வேண்டுமா என்று. என் மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்றுகூடக் கேட்டார். ஆறு மணிக்கு எட்டுப் பேருக்குச் சொல்லியாகிவிட்டது. முன்பணமாகக் கொஞ்சம் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டேன். மனைவிக்கு மட்டன் கறி, உருளைக்கிழங்கோடுதான் வரும் என்று சத்தியம் செய்தார்.

கேக் நாங்களே கொண்டு போகலாம் என்று இருக்கிறோம்.

---

பீனிக்ஸ் மீனா

நல்ல இடம் கிடைத்துவிட்டது தம்பி. கேக் வெளியிலிருந்து கொண்டுவந்தால் சில இடங்களில் வெட்டித் தருவதற்குத் தனியாகக் கட்டணம் போடுவார்கள். அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். முட்டை இல்லாத கேக்காகச் சொல்லிச் செய்யுங்கள், மேலே வைக்கிற மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது வேண்டாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் நமஸ்காரம்.